தோணியில் வந்த அர்ச்சியசிஷ்டவர்



சிறு கப்பல் ஒன்றில் ஏறிக் கரையோரமாகவே சென்று, பழம்பெரும் பட்டினங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வருவது இக்காலத்தில் வசதியுள்ளோர் விரும்பும் ஓர் உல்லாசப் பிரயாணம். காலையில் ஒரு துறையில் இறங்குவார்கள். கோட்டையையும் கோவிலையும் கடைவீதியையும் கண்டு களிப்பார்கள். பொழுது சாயுமுன் கப்பலேறி அடுத்த துறைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் வந்து போனதற்கு அவ்வூரில் யாதொரு அடையாளமும் இராது.

ஏறக்குறைய 480 ஆண்டுகளுக்கு முன், கோவா, கொச்சி, மணப்பாடு, தூத்துக்குடி, நாகப்பட்டினம், மயிலாப்பூர், மலாக்கா என்னும் துறைகளின் வழியே வேறொருவர் பிரயாணஞ் செய்தார். அவரும் எந்த ஊரிலும் நெடுநாள் தங்கினவரல்ல. இந்தியாவில் கால்வைத்த நாள்முதல் மரணமடைந்த நாள்வரை அவருக்குக் கிடைத்த காலம் பத்து வருஷமும் ஏழு மாதமுந்தான். அதிலும் பெரும்பகுதி கப்பலிலும் தோணியிலும் கழிந்தது. ஆயினும் அவர் வந்துபோன கரைகளில் சவேரியார் என்றும், சவரிமுத்து என்றும், சவரியம்மாள் என்றும் பெயர் வழங்காத ஊர் உண்டோ? எங்கும் தங்காத ஒருவர், எங்கும் நிலைத்து நிற்கும் ஒன்றை எவ்வாறு விட்டுச் சென்றார்? இதுவே அர்ச். பிரான்சிஸ் சவேரியாருடைய சரித்திரத்தில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய காரியம்.

அவர் பிறந்த இடம் கடலுக்குத் தூரமானது. ஸ்பெயின் தேசத்தின் வடபாகத்தில், அக்காலத்தில் தனி ராஜ்யமாயிருந்த நவார் நாட்டில், சவேரியார் கோட்டையில் 1506-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி பிறந்தார். தகப்பனார் நவார் அரசருக்கு மந்திரி. பிள்ளைகளில் கடைக்குட்டி பிரான்சிஸ். அவர் ஆறு வயதுப் பிள்ளையாயிருக்கும்போது, 1512-ல் காஸ்தில் சேனை நவார் நாட்டைப் பிடித்துக் கொண்டது. மூன்று வருஷத்தில் தகப்பனார் இறந்தார். பின்பு கோட்டையின் மதில்களும் இடிக்கப்பட்டன. வாழ்ந்து கெட்ட குடும்பத்தின் துக்கத்தை இளவயதிலேயே அறிந்தவர் அவர். குடும்பத்தின் பெயரை மறுபடி உயர்த்த வேண்டும் என்ற ஆசையோடு 1525-ல் பாரிஸ் நகருக்குப் படிக்கப் போனார்.

படிப்பில் கெட்டிக்காரர், ஓட்டத்திலும் தாண்டுதலிலும் சமர்த்தர். பட்டம் பெற்றுத் தத்துவ சாஸ்திரம் போதிக்கும் ஆசிரியருமானார். அங்கே ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள் பீற்றர் பாபர் என்ற சாந்தகுணமுள்ள மாணவரும், 1529-ல் வந்து சேர்ந்த இஞ்ஞாசியாரும் ஆவர். இஞ்ஞாசியார் வயதில் மூத்தவர், போரில் காயப்பட்டுக் கால் ஊனமானவர், பிச்சையெடுத்துப் படித்தவர். பட்டமும் பதவியும் நாடிய பிரான்சிஸ் முதலில் அவரைப் பரிகாசமாகவே பார்த்தார். ஆனால் சில வருஷங்களில் அவருடைய வார்த்தையும் நடத்தையும் பிரான்சிஸின் இருதயத்தைத் திருப்பிவிட்டன. 1534-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி, மோட்ச ராக்கினி மாதாத் திருநாளன்று, எழுவர் மோன்மார்த்தர் குன்றில் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். அவர்களில் சவேரியாரும் ஒருவர். அதுவே பின்பு சேசு சபையாக வளர்ந்தது. 1537-ல் வெனிஸ் நகரில் அவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது.

இந்தியாவுக்கு வருவதற்காக முதலில் தெரிந்துகொள்ளப்பட்டவர் அவரல்ல என்பது உங்களில் பலருக்குத் தெரியாதிருக்கலாம். போர்த்துக்கல் அரசர் மூன்றாம் யோவான் தம்முடைய கீழ்த்திசைத் துறைகளுக்குக் குருக்களைக் கேட்டபோது, இஞ்ஞாசியார் வேறொருவரைக் குறித்து வைத்திருந்தார். புறப்படும் சமயத்தில் அவர் நோயாய் விழுந்தார். சவேரியார் அந்த இடத்தை ஏற்றுக்கொண்டு, கிழிந்த அங்கியைத் தைத்துக்கொண்டு, ஓரிரு நாளில் ரோமாபுரியை விட்டுக் கிளம்பினார். வேறொருவருக்கென்று வைத்திருந்த வேலையை முறுமுறுக்காமல் எடுத்துக்கொண்டவரே நமது தேசத்தின் அப்போஸ்தலரானார்.

1541-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி, தமது 35-ம் வயது நிரம்பிய அன்றே, லிஸ்பன் துறையில் சந்தியாகு என்ற பெருங்கப்பலில் ஏறினார். இந்தியாவுக்குக் கவர்னராக நியமனம் பெற்றவரும் அதே கப்பலில் வந்தார். சவேரியார் சாதாரணக் குருவாக வரவில்லை. பரிசுத்த பாப்பானவருடைய ஸ்தானாபதி என்ற அதிகாரப் பத்திரங்கள் அவர் கையில் இருந்தன. அந்தப் பதவிக்குத் தக்கபடி ஒரு வேலைக்காரனையாவது வைத்துக்கொள்ளும்படி பெரியவர்கள் வற்புறுத்தினார்கள். அவர் இணங்கவில்லை. தம்முடைய துணியைத் தாமே துவைத்தார். வியாதிக்காரருடைய துணியையும் துவைத்தார். காற்றில்லாமல் கப்பல் நின்றது, தண்ணீர் கெட்டது, ஆட்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். மொசாம்பிக் தீவில் பல மாதம் காத்திருந்து, மலிந்தி, சொக்கோத்திரா வழியாக 1542-ம் ஆண்டு மே 6-ந் தேதி கோவா வந்து சேர்ந்தார். லிஸ்பனிலிருந்து பதின்மூன்று மாதப் பிரயாணம்!

கோவாவில் ஐந்து மாதம் ஆசுபத்திரியில் தங்கி, நோயாளிகளையும் சிறைப்பட்டவர்களையும் விசாரித்தார். தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளையும் அடிமைகளையும் சேர்த்து ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தார். அங்கேயே இருந்திருந்தால் மேன்மையாய் வாழ்ந்திருக்கலாம். ஆனால் தெற்கே முத்துக்குளித்துறையில் மேய்ப்பனில்லாத மந்தை ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டார்.

அவர்கள் யார்? முத்துக் குளித்தும் மீன் பிடித்தும் பிழைத்த பரதவ மக்கள். முத்துக் குளிக்கும் உரிமை பற்றி எழுந்த பெரும் சச்சரவில், போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கொச்சிக்குத் தூது அனுப்பி, 1535 முதல் 1537 வரையுள்ள காலத்தில் ஏறக்குறைய 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் அதற்குப் பின் அவர்களுக்குப் போதிக்க அவர்கள் பாஷை தெரிந்த குரு ஒருவருமில்லை. கிறிஸ்தவப் பெயர் இருந்தது. ஒரு மந்திரமும் தெரியாது. இவர்களைத் தேடித்தான் 1542-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், தமிழும் போர்த்துக்கீசும் தெரிந்த மூன்று மாணவரோடு சவேரியார் வந்தார். மணப்பாட்டில் அவர் கரையிறங்கினதாகவும், கடலோரக் குன்றிலுள்ள குகையில் தங்கிச் செபித்ததாகவும் அவ்வூரார் பரம்பரையாய்ச் சொல்லி வருகிறார்கள்.

பெருங்கப்பலின் காலம் இத்துடன் முடிந்தது. இனி அவருக்குத் தோணியும் கட்டுமரமும், அவையும் இல்லாத இடத்தில் சுடுமணலுந்தான். மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி, வைப்பாறு, வேம்பாறு என்று ஒரு துறையிலிருந்து மறு துறைக்கு ஓயாமல் போய்வந்தார்.

பாரிஸ் நகரில் சாஸ்திரம் போதித்தவர் இங்கே பள்ளிப்பிள்ளையானார். தூத்துக்குடியில் இரு பாஷையும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டி, சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம், பத்துக் கற்பனை, பாவசங்கீர்த்தன மந்திரம், கிருபை தயாபத்து மந்திரம் ஆகியவற்றைத் தமிழில் எழுதச் செய்தார். பிறகு அவற்றை எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் பண்ணினார். கையில் மணியோடு தெருவில் போவார். சிறுவரும் பெரியவரும் கூடுவார்கள். அவர் ஒரு வாக்கியம் சொல்ல, கூட்டம் திரும்பச் சொல்லும். ஓர் ஊரில் ஏறத்தாழ ஒரு மாதம் இப்படி நடக்கும். பின் அடுத்த ஊர்.

அவசரமாகச் செய்த அந்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இருந்தது. விசுவாச மந்திரத்தில் விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் வேணும் என்ற சொல்லை எழுதியிருந்தார்கள். சர்வேசுரனை விசுவசிக்கிறேன் என்பதற்குப் பதிலாக, சர்வேசுரன் எனக்கு வேணும் என்று ஆயிரக்கணக்கானவர்கள் சொல்லி வந்தார்கள்! பாஷை சற்றுப் பழகியதும் சவேரியார் இதைக் கண்டுபிடித்தார். 1544-ல் தம் துணைவராகிய மான்சிலாஸ் என்பவருக்குக் கடிதம் எழுதி, அந்தச் சொல்லை எடுத்துவிட்டு விசுவாசம் என்ற சொல்லை வைக்கும்படி கட்டளையிட்டார். அர்ச்சியசிஷ்டவர்களும் கற்றுக்கொண்டே போக வேண்டியவர்கள்தாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்?

ஒரு மாதம் தங்கிப் போன பிறகு அந்த ஊரின் கதி என்ன? நம்முடைய கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. புறப்படுமுன் மந்திரங்களின் எழுத்துப் பிரதி ஒன்றை ஊரில் வைப்பார். எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும் பிரதி செய்துகொள்ளும்படியும், மனப்பாடம் பண்ணி நாள்தோறும் சொல்லும்படியும் ஏற்பாடு செய்வார். அவ்வூராரிலேயே நம்பிக்கையான ஒருவரைக் கணக்கப்பிள்ளையாக நியமிப்பார். பிள்ளைகளைக் கூட்டி மந்திரம் சொல்லிக் கொடுப்பது, சாகுந்தறுவாயிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, பிறப்பையும் கலியாணத்தையும் எழுதி வைப்பது, குரு வரும்போது ஊர் நடப்பைத் தெரிவிப்பது ஆகியவை அவருடைய வேலை. வியாதிக்காரர் வீட்டுக்குத் தாம் போக முடியாதபோது, சிறுபிள்ளைகளின் கையில் தம்முடைய பாடுபட்ட சுரூபத்தையோ செபமாலையையோ கொடுத்தனுப்பி, அங்கே விசுவாச மந்திரம் சொல்லி வேண்டிக்கொள்ளச் செய்வார்.

கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்குப் பணம்? அதற்கும் வழி கண்டார். முத்துக்குளித்துறை வருமானத்திலிருந்து போர்த்துக்கல் ராணி கத்தரீனாளுக்குப் பாதரட்சைச் செலவுக்கென்று ஆண்டுதோறும் 4,000 பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தத் தொகையைப் பிள்ளைகளுக்குப் போதிக்கிறவர்களுக்குத் தரும்படி சவேரியார் கேட்டு வாங்கிக் கொண்டார். ராணியின் காலுக்கென்று வைத்த பணம் ஏழைப்பிள்ளைகளின் ஞானத்துக்குச் செலவாயிற்று.

1544-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் பெருந்துன்பம் வந்தது. வடுகர் குதிரைப்படை கன்னியாகுமரிப் பக்கத்து ஊர்களைக் கொள்ளையிட்டது. சனங்கள் உயிர்தப்பக் கடலிலுள்ள பாறைகளில் ஏறி ஒளிந்தார்கள். அங்கே சோறில்லை, தண்ணீரில்லை. பசியாலும் தாகத்தாலும் பலர் மடிந்தார்கள். செய்தி மணப்பாட்டை எட்டியதும் சவேரியார் 20 தோணிகளில் உணவுப் பொருள்களை ஏற்றிப் புறப்பட்டார். மற்ற ஊர்ப் பட்டங்கட்டிகளும் உதவி சேர்க்க வேண்டுமென்று எழுதச் சொன்னார். ஆனால் மனதாரக் கொடுப்பவரிடம் மட்டுமே வாங்க வேண்டும், ஒருவரையும் நெருக்கக் கூடாது என்றார். பாறைகளில் மக்கள் சாகிறார்கள். தோணிகளிலோ சோறு இருக்கிறது. ஆனால் ஆனிமாதத்து எதிர்காற்று விடவில்லை. எட்டு நாள் அலையோடு போராடியும் போய்ச் சேர முடியாமல் திரும்பினார்கள்.

இவ்வளவு செய்தோமே, இனிச் சர்வேசுரன் சித்தம் என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. கடல்வழி அடைபட்டதால் கரைவழியே நடந்தார். 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம், கொளுத்தும் வெயில், மணல், எதிரிகளின் பயம். அங்கே அவர் கண்ட காட்சி பரிதாபமானது. ஊர்களை இழந்தவர்களும், வழியில் பிள்ளை பெற்றவர்களும், நடக்கமுடியாத கிழவர்களும், செத்துக் கிடந்தவர்களும். உயிரோடிருந்தவர்களைப் பராமரிக்க ஏற்பாடு செய்தார்.

அதே வருஷம் தூத்துக்குடியும் தாக்கப்பட்டது. அங்கிருந்த போர்த்துக்கீசியத் தலைவர் சவேரியாருக்குப் பல தொல்லை கொடுத்தவர். மக்களைப் பிழிந்து தம்முடைய வியாபாரத்தையே கவனித்தவர். அவருடைய வீடும் கப்பலும் எரிக்கப்பட, அவர் தீவுக்கு ஓடினார் என்று செய்தி வந்தது. சவேரியார் என்ன செய்தார் தெரியுமா? உடனே தோணிகளில் தண்ணீரும் உணவும் அனுப்பி அவருக்கு உதவும்படி மான்சிலாசுக்கு எழுதினார். கடிந்து பேச வேண்டிய காலத்தில் கடிந்து பேசியவர், உதவ வேண்டிய காலத்தில் பழைய கணக்கைப் பார்க்கவில்லை.

அவ்வாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் முக்குவ மக்கள் 10,000 பேருக்கு ஒரே மாதத்தில் ஞானஸ்நானம் கொடுத்தார். கை தளர்ந்து தூக்க முடியாமலும், மந்திரங்களைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியும் போன நாட்கள் அவருக்கு உண்டு. மன்னார்த் தீவினின்று வந்த அழைப்புக்குத் தாம் போக முடியாமல் வேறொரு குருவை அனுப்பினார். அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களில் ஏறக்குறைய 600 பேர் 1544-ல் யாழ்ப்பாண அரசனால் கொல்லப்பட்டார்கள். இந்தத் துயரத்தையும் சுமந்துகொண்டே அவர் நடமாடினார்.

1545-ல் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். காற்று மறுபடியும் எதிர்த்தது. கப்பல் துறைக்கே திரும்பியது. அவர் இறங்கி, 250 கிலோமீட்டருக்கு மேல் கரையோரமாய் நடந்து மயிலாப்பூர் சேர்ந்தார். அர்ச். தோமையார் கல்லறையருகே நாலு மாதம் இரவும் பகலும் செபித்து, இனி எங்கே போவது என்று தேவ சித்தத்தைத் தேடினார். அங்கிருந்தே மலாக்காவுக்குக் கப்பலேறினார்.

அதன் பின்னுள்ள பிரயாணங்களைச் சுருக்கமாகச் சொல்வோம். 1546-ல் அம்போன், தெர்னாத்தே முதலிய வாசனைத் தீவுகள். தீவுக்குத் தீவு துடுப்புப் படகுகள். மலாய் பாஷையிலும் மந்திரங்களை எழுதுவித்து மனப்பாடம் பண்ணினார். 1549-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி மலாக்காவில் ஒரு சீன வியாபாரியின் பாய்க்கப்பலில் ஏறி, ஆகஸ்டு 15-ந் தேதி ஜப்பானின் ககோஷிமா துறையில் இறங்கினார். தமிழகத்தில் செய்ததையே அங்கும் செய்தார்: முதலில் பாஷை, பிறகு ஊர் ஊராகப் பயணம், புறப்படும்போது பொறுப்பாளர்கள். ஹிராதோ, யமாகுச்சி, சக்காய் வழியாகப் பனியில் நடந்தும் படகேறியும் தலைநகராகிய கியோத்தோவை 1551-ல் அடைந்தார். யுத்தத்தால் பாழான அந்நகரில் அவரைக் கேட்பாரில்லை. சில நாளில் திரும்பினார். ஜப்பானை விட்டுப் புறப்படும்போது இரு துணைவரை அங்கே வைத்துவிட்டு வந்தார்.

கடைசிப் பிரயாணம் சீனாவை நோக்கியது. 1552-ல் சாந்தா குரூஸ் என்ற கப்பலில் சான்சியான் தீவை அடைந்தார். சீனக் கரை ஏறக்குறைய 14 கிலோமீட்டர் தூரந்தான். ஆனால் அந்நியர் கரையேறினால் சிறையோ மரணமோ கிடைக்கும். ஒரு சீன வியாபாரி மட்டும், கூலியாக மிளகு பெற்றுக்கொண்டு, தன் சிறு படகில் இரவோடு இரவாய்க் கந்தோன் நகரில் கொண்டுபோய் விடுவதாய் ஒத்துக்கொண்டான். சவேரியார் காத்திருந்தார். வியாபாரக் கப்பல்கள் ஒவ்வொன்றாய்த் திரும்பிப் போயின. குளிர்காற்று வீசியது. உணவு குறைந்தது. நவம்பர் மாதத்தில் காய்ச்சல் கண்டது. அந்தப் படகு வரவேயில்லை. 1552-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி விடியுமுன், ஓலைக் குடிசையில், அந்தோணி என்ற சீன வாலிபன் கையில் மெழுகுதிரி பிடித்திருக்க, சேசுவின் திருநாமத்தைச் சொல்லிக்கொண்டே உயிர்விட்டார். வயது 46.

அவருடைய சரீரம் மலாக்கா வழியாக 1554-ல் கோவா கொண்டுவரப்பட்டது. 1622-ம் ஆண்டு மார்ச்சு 12-ந் தேதி, தம் குருவும் நண்பருமாகிய இஞ்ஞாசியாரோடு ஒரே நாளில் அர்ச்சியசிஷ்டப் பட்டம் பெற்றார்.

வாசகரே, அவர் முடித்த வேலையைவிட முடிக்காமல் விட்டதே அதிகம். முத்துக்குளித்துறையில் அவர் இருந்தது மொத்தம் இரண்டு மூன்று வருஷத்துக்கு மேற்படாது. ஆனால் அவர் வைத்த கணக்கப்பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள். தாய்மார் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தார்கள். அவருக்குப் பின் வந்த ஹென்றீக்கஸ் சுவாமியார் 50 ஆண்டுகளுக்கு மேல் அக்கரையிலேயே தங்கித் தமிழை நன்றாய்க் கற்றார்; 1600-ல் இறக்குமட்டும் அம்மக்களுக்காகவே உழைத்தார். அவர் தமிழில் ஆக்கிய தம்பிரான் வணக்கம் என்ற ஞானோபதேசப் புத்தகம் 1578-ல் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய எழுத்தில் அச்சான முதற்புத்தகம் அதுவே. அதற்கான செலவை ஏற்றவர்கள் முத்துக்குளித்துறை மக்கள். ஒரு காலத்தில் ஒரு மந்திரமும் அறியாதிருந்தவர்களின் பிள்ளைகள், 40 ஆண்டுகளுக்குள் புத்தகம் அச்சிடப் பணம் கொடுத்தார்கள்! சவேரியார் விதைத்துப் போனார். தங்கியிருந்தவர்கள் தண்ணீர் பாய்ச்சினார்கள்.

நம்முடைய பங்கிலும் இதுதானே நடக்கிறது? சுவாமிமார் வருவார்கள், சில வருஷம் நம்மோடு உழைப்பார்கள், மாற்றல் உத்தரவு வந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். போகிறவரை நினைத்துக் கண்ணீர் விடுகிறோம். ஆனால் அவர் சொல்லிக் கொடுத்ததைக் காத்து வைப்பது யார்? கோவிலில் கேட்டதை மாலையில் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் தகப்பன் அந்த வீட்டின் கணக்கப்பிள்ளை. குழந்தையின் விரலைப் பிடித்துச் சிலுவை போடப் பழக்கும் தாய் அந்த வீட்டின் கணக்கப்பிள்ளை. பக்கத்து வீட்டு நோயாளிக்கருகில் உட்கார்ந்து ஒரு விசுவாச மந்திரம் சொல்லும் சிறுவன், சவேரியார் தம்முடைய சுரூபத்தைக் கொடுத்தனுப்பிய அந்தச் சிறுவர்களின் வழிவந்தவன்.

வருகிற டிசம்பர் 3-ந் தேதி அவருடைய திருநாள். கொடியேற்றமும் தேரும் சப்பரமும் நடக்கட்டும். அதோடு அன்று இரவு உங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாய் முழங்காலிட்டு, விசுவாச மந்திரத்தை நிறுத்தி நிதானமாய்ச் சொல்லுங்கள். விசுவசிக்கிறேன் என்ற சொல் வரும்போது, அந்த ஒரு சொல்லைத் திருத்தி நம் வாயில் வைக்கக் கடல் கடந்து வந்தவரை நன்றியோடு நினைத்துக் கொள்ளுங்கள்.